பிள்ளை சிரித்தாள்

மார்ச் 2

நான்காம் கேட்பாளர் அவர்களுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பாட்டைக் கேட்டு முத்திரை போடுகிறவர்களின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பது உங்கள் அலுவலக விதியாம். என் ஆல்பங்களின் பின் அட்டையில் "எல்லோருக்கும்" என்ற பச்சை முத்திரைக்குக் கீழே மூன்று எண்கள் இருக்கும். மற்ற இரண்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. நான்கு மட்டும் எட்டு ஆல்பத்திலும் இருக்கிறது. அதனால் பதினாலு வருடமாக உங்களைத் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

நான் பாப்பா. ஊரெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறது. ஒன்பது வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது இருபத்து மூன்று ஆகிறது. இன்னமும் இரட்டைப் பின்னல், முழங்கால் தெரிகிற கவுன், கன்னத்தில் வரைந்த புள்ளிகள். ஒன்பதாவது ஆல்பத்தின் அட்டைப் படத்துக்கு, பால் பல் விழுந்த மாதிரி ஒரு பல்லில் கறுப்பு மை தடவிக்கொள்ளச் சொன்னார்கள். தடவிக்கொண்டேன்.

அந்த ஆல்பம் இப்போது உங்கள் மேசையில் இருக்கும். சின்னப் பிள்ளைகள் அதைக் கேட்கலாமா கூடாதா என்று மார்ச் 28க்குள் சொல்லப் போகிறீர்கள். சார், கூடாது என்று சொல்லுங்கள்.

பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். என் ஒப்பந்தத்தில் பதினோராவது விதி இதுதான்: எந்த ஆல்பமாவது "எல்லோருக்கும்" முத்திரை வாங்கத் தவறினால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்துவிடும். நான் வளர்ந்து தறுதலையாகிவிட்டால் என்னைக் கழற்றிவிட வசதியாக அவர்களே போட்டுக்கொண்டது. முத்திரை கிடைத்தால் தானாகவே இன்னும் ஆறு வருடம் நீளும். இருபத்தொன்பது வயது வரை பாப்பா. கையெழுத்துப் போட்ட அம்மா இப்போது இல்லை. எல்லாவற்றையும் சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார். என் போனையும் அவர்தான் பார்க்கிறார். அவர் பார்க்காத ஒரே ஆள் எங்கள் வீட்டுக்குத் துணி தேய்த்துக் கொடுக்கிற அக்கா. இந்தக் கடிதம் அவள் கையால்தான் தபால் பெட்டிக்குப் போகிறது. பதில் எழுதுவதானால் அவள் கடை முகவரிக்கு எழுதுங்கள்.

மூன்றாம் பாட்டில் உங்களுக்காகவே ஒன்று வைத்திருக்கிறேன். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

பாப்பா


மார்ச் 6

மதிப்புக்குரிய பாடகிக்கு,

கேட்பாளருக்குக் கடிதம் எழுதுவது தவறு. வந்த கடிதத்தைத் தலைவரிடம் ஒப்படைக்காமல் இருப்பது அதைவிடத் தவறு. உங்கள் கடிதம் இப்போது என் மேசை இழுப்பறையில், பிஸ்கட் பொட்டலத்துக்கு அடியில் இருக்கிறது. இதற்குமேல் என்னை ஒன்றும் செய்ய வைக்காதீர்கள்.

எங்கள் வேலை என்னவென்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சன்னல் இல்லாத அறை. பஞ்சு வைத்த சுவர். ஒரு ஆல்பத்தை மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு. மூன்றாம் முறை வேறு ஏதாவது வேலை செய்துகொண்டே, ஏனென்றால் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள். நான் பென்சில் சீவுவேன். பிறகு படிவம். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் "எல்லோருக்கும்". ஒருவர் மறுத்தாலும் கிடையாது. ஆனால் மறுக்கிறவர் எந்தப் பாட்டு, எந்த நிமிடம், என்ன காரணம் என்று எழுதியாக வேண்டும். பாடகிக்கு ஒப்பந்தம் கசந்துவிட்டது என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

உங்கள் ஒன்பதாவது ஆல்பத்தை மூன்று முறையும் கேட்டுவிட்டேன். ஒன்பது பென்சில் சீவியாயிற்று. கெட்ட வார்த்தை இல்லை. குடி இல்லை, அடிதடி இல்லை. காதல்கூட ஒரு பூனைக்குட்டியின் மேல்தான். கழுவித் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது.

மூன்றாம் பாட்டில் நீங்கள் வைத்ததைக் கேட்டேன். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வருகிற அந்த மூச்சுதானே? "பாடகிக்குச் சளி இருந்திருக்கலாம்" என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆவி பிடியுங்கள்.

இது என் முதலும் கடைசியுமான கடிதம்.

நான்கு


மார்ச் 9

நான்காம் நம்பர் சார்,

சளி இல்லை சார். அது பெருமூச்சு. பெரிய பெண்கள் விடுகிற மாதிரியான பெருமூச்சு. சித்தப்பா சாப்பிடப் போன நேரத்தில், ஒலிப்பதிவு செய்கிறவரைக் கெஞ்சி, பதினாறு தடவை விட்டுப் பார்த்து அதைச் சேர்த்தேன். ஆவி பிடிக்கச் சொல்கிறீர்கள். படித்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து சிரித்தேன். நிஜமாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்புறம் யோசித்தேன். அதில் சிரிப்பு நின்றுவிட்டது.

உங்கள் அறைக்குச் சன்னல் இல்லை என்கிறீர்கள். நான் பாடுகிற அறைக்கும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு கண்ணாடி உண்டு. மைக்குக்கு நேர் பின்னால், முகம் பார்க்கிற கண்ணாடி. ஒன்பது வயதில் மாட்டியது. சிரித்துக்கொண்டே பாடினால் குரலில் அந்தச் சிரிப்பு விழும், அழுத முகத்தோடு பாடினால் அதுவும் விழும். இது பாடுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் பாட்டு முடிகிற வரைக்கும் நான் என் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டும். இறங்கினால் தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற சித்தப்பா தன் உதட்டின் இரண்டு ஓரத்தையும் விரலால் மேலே தூக்கிக் காட்டுவார். கோபமாக இல்லை. அவர் ஒரு நாளும் என்னிடம் கோபப்பட்டதில்லை. "கண்ணு, பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்கடா," என்பார். கையை ஓங்குகிற ஆளாக இருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேனோ என்னவோ.

அம்மா இறந்த வாரத்திலும் ஒரு பாட்டு பதிவானது. ஆறாவது ஆல்பத்தில் இரண்டாவது. சோப்பு நுரையைப் பற்றியது. எடுத்துக் கேட்டுப் பாருங்கள், அதில் சளிகூட இருக்காது.

வார்த்தையில் குற்றம் தேடுகிறீர்கள். வார்த்தை எதுவும் என்னுடையது இல்லை. நான்காம் பாட்டைக் கேளுங்கள். "சரின்னு சொன்னா சந்தோஷம்." முதல் ஆல்பத்தில் பாடியதை மறுபடி அதே சுருதியில் பாட வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எட்டிய சுருதி இன்றைக்குத் தொண்டையைக் கிழிக்கிறது.

பாப்பா


மார்ச் 14

அம்மணி,

கடைசிக் கடிதம் என்றுதான் எழுதியிருந்தேன். ஆனாலும் உங்களிடம் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சோப்பு நுரைப் பாட்டைக் கேட்டேன். அம்மாவை இழந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் பாட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றும் தெரியவில்லை, இன்று தெரிந்துகொண்டு கேட்டும் தெரியவில்லை. நீங்கள் அவ்வளவு நன்றாகப் பாடுகிறீர்கள் என்பதைத் தவிர நான் என்ன சொல்ல?

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறையில் உட்கார்ந்து கேட்பது கிழக் காது. அதை நம்பி முத்திரை போட முடியாது. அதனால் ஆல்பத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு பிள்ளையைக் கேட்க வைத்து, அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும். இதற்கு "வீட்டுக் காது" என்று பெயர். என் வீட்டுக் காது என் மகள். உங்கள் முதல் ஆல்பம் வந்தபோது அவளுக்கு எட்டு வயது. அவள் அம்மா எங்களை விட்டுப் போய் நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் பாட்டைப் போட்டேன். அவள் சிரித்தாள். அந்தக் கட்டத்தில் "பிள்ளை சிரித்தாள்" என்று எழுதும்போது எனக்கு எழுத்து தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

அதற்கப்புறம் ஏழு ஆல்பம். பதினைந்து வயதுக்கு மேல் வீட்டுக் காது செல்லாது. எனக்கு வேறு பிள்ளை இல்லை, தலைவரும் கண்டுகொள்ளவில்லை. எட்டுப் படிவத்திலும் அதே இரண்டு வார்த்தைதான். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறாள். நான் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. அவளைப் போல் சிரித்த முகம் பார்த்ததில்லை என்று மருத்துவர் என்னிடமே சொன்னார்.

என் மகளை வளர்த்ததில் பாதி உங்கள் பாட்டு. அதை நீங்களே கேவலமாகப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் கஷ்டம் உண்மையாக இருக்கலாம். அதற்காகப் பொய்க் காரணம் எழுத என் கை வராது. இருபத்தெட்டாம் தேதி கையெழுத்துப் போடுவேன்.

நான்கு


மார்ச் 17

சார்,

என்னிடம் யாராவது "பாடப் பிடிக்குமா பாப்பா?" என்று கேட்டால் நானும் சிரிப்பேன். அழகாகச் சிரிப்பேன். பேட்டி எடுத்தவர்களெல்லாம் "பாப்பா சிரித்தாள்" என்றுதான் எழுதினார்கள்.

உங்கள் மகளிடம் எட்டுத் தடவை என்ன கேட்டீர்கள்? "பிடிச்சிருக்காம்மா?" என்றுதானே? எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, நீங்களும் சிரித்துக்கொண்டு?

ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்க்காமல் கேளுங்கள். உங்கள் முகத்தையும் அவளுக்குக் காட்டாதீர்கள். அப்போதும் பிடிக்கும் என்று சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நான் இனி எழுத மாட்டேன்.

பாப்பா


மார்ச் 22

அம்மா,

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பாப்பா என்று எழுத இன்றைக்குக் கை கூசுகிறது.

நீங்கள் சொன்னதைச் செய்யும் எண்ணமே எனக்கு இல்லை. கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு கொடிக்கு நடுவில் ஒரு படுக்கை விரிப்புத் தொங்கியது. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

"ஏம்மா, அந்தப் பாப்பா பாட்டெல்லாம் உனக்கு நிஜமாவே பிடிக்குமா?"

கிளிப் மாட்டுகிற சத்தம் நின்றது. விரிப்பில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா திடீர்னு கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"பிடிக்காதுப்பா."

"இப்ப வளந்துட்ட, அதனால பிடிக்கல. சின்ன வயசுல?"

"அப்பவும் பிடிக்காது. அந்தக் குரலைக் கேட்டா எனக்கு வயித்த என்னமோ பண்ணும். யாரோ பக்கத்துல நின்னு கிள்ளிக்கிட்டே அந்தப் பொண்ண பாடச் சொல்ற மாதிரி இருக்கும்."

எட்டு வயதில், அம்மா. மூன்று முறை கேட்டு, பென்சில் சீவி, நிமிடம் குறித்து வைக்கிற எனக்குக் கேட்காதது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"அப்ப ஏன் சிரிச்ச?" என்றேன்.

"நீங்க அழுதுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. அம்மா போனதுக்கு அப்புறம் நீங்க அந்தப் பாட்டுப் பொட்டிய எடுத்துக்கிட்டு வந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான் சிரிச்சேன். நீங்களும் சிரிச்சீங்க. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அப்படியே போயிடுச்சு."

"வேல? அதுவும் பிடிக்கலயா?"

விரிப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பு. "வாங்கப்பா, கீழ போயி டீ போடறேன்," என்றாள். அந்தச் சிரிப்பைப் பதினாலு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை நான்காம் பாட்டை மறுபடி போட்டேன். "யார் கேட்டாலும் சரின்னு சொல்லு, சந்தோஷம் கூட வரும்." நீங்கள் சரி என்கிற இடத்தில் எல்லாம் குரல் ஒரு நூல் மேலே ஏறுகிறது. உதட்டைத் தூக்குகிற இடம். கேட்டுவிட்டேன். இனி கேட்காமல் இருக்க முடியாது.

நான்கு


மார்ச் 24

சார்,

உங்கள் கடிதத்தை அக்கா கடையில், ஆவி பறக்கிற சட்டைகளுக்கு நடுவில் நின்று படித்தேன். அக்கா பயந்துபோய், "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

உங்கள் மகள் இப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. உங்களைக் குத்த வேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை எனக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. கூண்டில் நான் மட்டும் இருப்பதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை வைத்து இன்னொரு பிள்ளையைப் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீங்கள் மறுத்து எழுதினால் சித்தப்பா விட மாட்டார். மேல்முறையீடு செய்வார், உங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். படிவத்தில் உங்கள் மகளைப் பற்றி எழுத வேண்டியிருக்கும். என் ஆறு வருடத்துக்காக அவளைச் சபையில் நிறுத்தாதீர்கள். முத்திரை போட்டுவிடுங்கள். பதினாலு வருடம் ஓட்டிவிட்டேன். ஆறு வருடம் எனக்குப் புதிதில்லை.

இதை எழுதும்போது சிரித்துக்கொண்டிருக்கிறேனா என்று கேட்காதீர்கள். எதிரே கண்ணாடி இல்லை.

பாப்பா


ஏப்ரல் 11

அம்மா,

கடிதம் தாமதமானதற்குக் காரணம் உண்டு. வரிசையாகச் சொல்கிறேன், இடையில் நிறுத்தினால் என்னால் மறுபடி தொடங்க முடியாது.

இருபத்தெட்டாம் தேதி மறுத்து எழுதினேன். பாட்டு நான்கு, ஒன்றாம் நிமிடம் பன்னிரண்டாம் நொடி தொடங்கிக் கடைசி வரை. காரணம்: "பாடுகிறவள் பயத்தில் சிரிக்கிறாள். கேட்கிற பிள்ளை அதைக் கற்றுக்கொள்கிறது." கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: "முந்தைய எட்டுப் படிவங்களில் நான் எழுதியது தவறு. பிள்ளை சிரித்தாள், ஆனால் அவளுக்குப் பிடிக்கவில்லை." ஒப்படைக்குமுன் மகளிடம் காட்டினேன். "சரிப்பா," என்றாள். அவள் சரி என்றதை இனி எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அன்று முழுக்கத் தவித்தேன்.

நீங்கள் சொன்னபடியே உங்கள் சித்தப்பா மேல்முறையீடு செய்தார். அதில் தலைவர் நினைத்தால் ஒருவர் மறுப்பைத் தள்ளிவிடலாம். போன வியாழன் விசாரணை. நீள மேசை, நடுவில் தண்ணீர்க் கூஜாவும் தம்ளர்களும். தலைவர், நான், என்னோடு இந்த ஆல்பத்தைக் கேட்ட மற்ற இருவர். அதில் இரண்டாம் எண் ஒரு அம்மாள், முப்பது வருடம் பாலர் வகுப்பு எடுத்தவர். அந்த இருவரும் "எல்லோருக்கும்" என்றுதான் எழுதியிருந்தார்கள். வீட்டுக் காதையும் அழைத்து வரச் சொல்லிவிட்டார் தலைவர். வர வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். "பரவாயில்லப்பா, வரேன்," என்றாள்.

உங்கள் சித்தப்பா நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். என் மகளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

தலைவர் கேட்டார்: "நீ சொல்லும்மா. இந்தப் பாட்டெல்லாம் உனக்குப் பிடிக்காதா?"

என் மகள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். சிரித்தாள். "பிடிக்கும் சார்," என்றாள்.

என் தலையில் கல் விழுந்தது. உங்கள் சித்தப்பா பெருமூச்சு விட்டார். தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். நான் எழுந்து, "இதுதான் சார். இந்தச் சிரிப்பைத்தான் நான் எட்டுத் தடவை சான்றாக எழுதினேன்," என்றேன். குரல் நடுங்கியதால் யாருக்கும் புரியவில்லை. தலைவர் என்னை உட்காரச் சொன்னார்.

அப்போது இரண்டாம் எண் அம்மாள் ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி மகளிடம் நீட்டினார். "வெயில்ல வந்திருக்க. குடிக்கிறியாம்மா?"

"சரிங்க மேடம்." குடித்தாள்.

இன்னொரு தம்ளர். "இதையும் குடியேன்."

"சரிங்க." உங்கள் சித்தப்பா சிரித்தார். மகளும் சேர்ந்து சிரித்துவிட்டுக் குடித்தாள்.

அந்த அம்மாள் மூன்றாவது ஊற்றினார். இந்த முறை விளிம்பு வரைக்கும். நீட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் தம்ளரை வாங்கினாள். முதல் மடக்கில் முகம் சுளித்தது. உடனே சரி செய்துகொண்டாள். சிரித்த வாயின் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. கழுத்தில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. குடித்துக்கொண்டே இருந்தாள். அறையில் அவள் விழுங்குகிற சத்தம் மட்டும்தான். என்னால் பார்க்க முடியவில்லை, அம்மா. பெற்ற பிள்ளையைப் பிடித்து நிறுத்தவும் கை வரவில்லை. நிறுத்தினால் எனக்கும் "சரிப்பா" என்பாளே.

அந்த அம்மாள்தான் தம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தார். "போதும்டா கண்ணு. போதும்," என்றார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "என் படிவத்தத் திருப்பிக் குடுங்க. மாத்தி எழுதணும்," என்றார்.

முத்திரை "பன்னிரண்டுக்கு மேல்" என்று ஆயிற்று. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பழைய எட்டு ஆல்பங்களையும் மறுபடி கேட்கப் போகிறார்கள். என்னை மாடியில் இருந்து இறக்கிப் பழைய படிவங்கள் அடுக்கியிருக்கிற அறையில் போட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. இங்கேயும் சன்னல் இல்லை. என் கையெழுத்தில் "பிள்ளை சிரித்தாள்" என்று எட்டுக் காகிதம் இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. நான் தேடவில்லை.

நான்கு


ஏப்ரல் 27

சார்,

நான் வெளியே வந்துவிட்டேன். துணி தேய்க்கிற அக்கா வீட்டுக்கு மேலே ஒரு அறை. சித்தப்பா சாமான்களைத் தானே வண்டியில் ஏற்றிக் கொடுத்தார். "எப்ப வேணாலும் வரலாம்டா கண்ணு," என்றார். அவர் உதடு நடுங்கியதைப் பார்த்து என் கை தன்னால் மேலே போனது, ஓரங்களைத் தூக்கிக் காட்ட. பாதியில் இறக்கிவிட்டேன்.

ரொம்ப சந்தோஷமாக இருப்பேன் என்று நினைத்தேன். காலையில் எழுந்தால் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடைக்குப் போனால் அவர்கள் கட்டிக் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். மூன்று வாளி இருக்கிறது என்னிடம். அக்கா தினமும் என்னை நிற்க வைத்துப் பழக்குகிறாள். "இன்னொரு வாளி வேணுமா?" என்பாள். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது சிரிக்கக் கூடாது. நேற்று ஐந்தில் இரண்டு தடவை சரியாகச் சொன்னேன்.

மூன்று தம்ளர் தண்ணீரை நினைக்காத நாள் இல்லை. உங்கள் மகளை நான் பார்க்க வேண்டும் சார். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் எனக்காக அந்த அறைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரட்டுமா? பின்னல் இல்லாமல், புள்ளி இல்லாமல் வருகிறேன். தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாது. அவளைக் கேட்டுச் சொல்லுங்கள்.

கீழே பெயர் போட வந்தேன். எதைப் போடுவது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.


மே 1

அம்மா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மகள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறையில் நின்றபடி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடிதத்தை முழுக்கப் படித்தேன். மூன்று வாளி வருகிற இடத்தில் சிரித்த சத்தம் கேட்டது. அது வேறு மாதிரிச் சத்தம். மூக்கு வழியாக வந்தது.

படித்து முடித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லவாம்மா?" என்று கேட்டேன்.

பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தேன். திரும்பியிருக்கக் கூடாது, பழக்க தோஷம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எதை எதிர்பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். எப்போதும் தெரியும். உதடு லேசாக அசைந்தது, எனக்குத் தெரிந்த அந்த வழியில்தான் போகப் போகிறது என்று நினைத்தேன்.

"வேண்டாம்ப்பா," என்றாள். "அவங்க மேல கோபம் இல்ல. ஆனா அந்தக் குரல நம்ம வீட்டுக்குள்ள இனிமே கேக்க வேண்டாம்."

சிரிக்கவில்லை.

அதனால் வராதீர்கள், அம்மா. உங்களுக்கு இது வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் இதை எழுதும்போது எனக்கு இருக்கிற சந்தோஷத்தை உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்? அவளிடம், "சரிம்மா," என்றேன். டீ போட்டு அவள் முன்னால் வைத்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்று தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

நான்கு